நாலாவது ஸ்பார்க் பிளக் பாதியில் இறுகிவிட்டது, மேலே திருப்பலாமா?

கேள்வி

வணக்கம். என்னுடையது நாலு சிலிண்டர் பெட்ரோல் பிக்கப், 2.7 லிட்டர். 1,12,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. பிளக் இதுவரை மாற்றியதே இல்லை. கொஞ்ச நாளாகக் காலையில் ஸ்டார்ட் பண்ணினால் இன்ஜின் குலுங்குகிறது, லோடோடு மேடு ஏறும்போது திணறுகிறது. நாமே மாற்றிவிடலாம் என்று இன்று மதியம் உட்கார்ந்தேன்.

மூன்று பிளக் சுலபமாக வந்துவிட்டன. கேபின் பக்கம் கடைசியில் இருக்கிற நாலாவதுதான் பிரச்சினை. அரைச் சுற்று வந்தது, ‘கிரீச்’ என்று சத்தம், அதோடு இறுகிவிட்டது. டார்ச் அடித்துப் பார்த்தால் அந்தக் குழிக்குள் எண்ணெய் தேங்கி நிற்கிறது, மற்ற மூன்றும் காய்ந்துதான் இருந்தன. இன்னும் பலம் கொடுத்தால் வரும் போலிருக்கிறது, ஆனால் உடைந்துவிடுமோ என்று பயம். நாளை வண்டி எடுக்க வேண்டியதில்லை. என்ன செய்யட்டும்?

பதில் 1

ராட்செட் கைப்பிடியில் ஒரு நீளமான பைப்பைச் சொருகி இழுங்கள், வந்துவிடும். எனக்கு அப்படித்தான் வந்தது.

பதில் 2

தம்பி, பைப் வேண்டவே வேண்டாம். ராட்செட்டைக் கீழே வைத்துவிட்டு இதை முழுசாகப் படியுங்கள்.

உங்கள் சிலிண்டர் ஹெட் அலுமினியம், பிளக் இரும்பு. பிளக்கின் மரையில் கார்பன் ஏறியிருக்கும். அரைச் சுற்று வந்ததும் அந்தக் கார்பன் மரைக்கு நடுவில் சிக்கி அரைக்கிறது, நீங்கள் கேட்ட சத்தம் அதுதான். இப்போது பலம் கொடுத்தால் பிளக்கோடு ஹெட்டின் மரையும் சேர்ந்து உருவிக்கொண்டு வரும். புது மரை போட ஹெட்டையே கழற்ற வேண்டி வரலாம். பிளக் பாதியில் உடைந்தால் அதைவிடத் தொல்லை.

முதலில் எண்ணெயை எடுங்கள். நீளமான ஸ்க்ரூ டிரைவர் முனையில் துணி சுற்றி நன்றாகக் கட்டி, ஒற்றி ஒற்றி எடுக்கலாம். கட்டாமல் விட்டால் துணி உள்ளேயே தங்கிவிடும். எண்ணெய் போனதும் காற்றடித்துத் தூசியை வெளியேற்றுங்கள், கண்ணாடி போட்டுக்கொண்டு.

பிறகு வந்த வழியிலேயே பிளக்கைக் கால் சுற்று உள்ளே திருப்புங்கள். ஆமாம், உள்ளேதான். அடியைச் சுற்றித் துரு இளக்கும் எண்ணெய் கொஞ்சமாக விட்டு ராத்திரி முழுக்க ஊற விடுங்கள். காலையில் எட்டில் ஒரு சுற்று வெளியே, அதில் பாதி உள்ளே, மறுபடி வெளியே. சத்தம் வந்தால் நிறுத்தி இன்னும் இரண்டு சொட்டு. அரை மணி நேரம் ஆனாலும் பரவாயில்லை. வேலை முழுக்க மணிக்கட்டில்தான் இருக்க வேண்டும், தோள்பட்டை வந்துவிட்டால் தப்பான வழியில் போகிறீர்கள் என்று அர்த்தம்.

பதில் 3

மேலே சொன்னதை அப்படியே செய்யுங்கள். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். அந்த எண்ணெய் டேப்பட் கவருக்குள் (இன்ஜினின் மேல்மூடி) இருந்து வருகிறது, பிளக் குழியைச் சுற்றியுள்ள ரப்பர் சீல் கெட்டிப்பட்டிருக்கும். பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலின் ரப்பர் பூட் (பிளக் மேல் உட்காரும் உறை) அந்த எண்ணெயில் ஊறி உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். ஸ்பார்க் வெளியே தப்பிப் போய் மிஸ்ஸிங் அடிக்க அதுவே போதும். பிளக் மட்டும் மாற்றி, சீலை விட்டால் ஆறு மாதத்தில் இதே கதை.

கேள்வி கேட்டவர்

அண்ணா, வந்துவிட்டது! நாற்பது நிமிஷம் ஆச்சு. கடைசி இரண்டு மரையில் கையாலேயே திரும்பியது, அந்த நிமிஷம் அப்படி ஒரு நிம்மதி. பிளக் மரையில் கறுப்பாகத் தார் மாதிரி ஒட்டியிருக்கிறது. ஹெட் மரை டார்ச்சில் பார்க்க நல்லாத்தான் தெரிகிறது.

மற்ற மூன்றின் முனையும் வெளிர் பழுப்பு, மைய முனை தேய்ந்து உருண்டிருக்கிறது. புதுசு இரிடியம். கேப் (முனைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி) எவ்வளவு வைக்கணும்? எவ்வளவு இறுக்கணும்? மரையில் கிரீஸ் தடவலாமா?

பதில் 2

சந்தோஷம் தம்பி. வெளிர் பழுப்பு என்றால் எரிதல் சரியாக இருக்கிறது, வெறும் தேய்மானம்தான். காய்ந்த கறுப்புப் புகை படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெள்ளையாகக் கொப்புளித்திருந்தால் சூடு அதிகம் என்று தேட வேண்டியிருக்கும்.

இரிடியத்தில் கேப்பைப் பொதுவாகத் தொட வேண்டாம். கம்பெனியிலேயே வைத்து வரும். மேனுவலில் உள்ள அளவோடு ஒத்துப் பார்த்தால் போதும், அதுவும் கேஜை மைய முனையில் உரசாமல். அந்த முனை பென்சில் லெட்டைவிட மெல்லிசு, நெம்பினால் போச்சு.

கிரீஸ் விஷயத்தில் பலருக்கும் பல கருத்து. என் கருத்து, தடவாதீர்கள். இப்போதைய பிளக்குகள் மரையில் முலாம் பூசித்தான் வருகின்றன. வழுவழுப்பு கூடினால் டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பானர்) காட்டும் அதே எண்ணுக்கு மரை அதிகமாக இழுபடும். காயில் பூட்டின் உள்பக்கம் மட்டும் மின்கடத்தா சிலிகான் கிரீஸ் ஒரு பொட்டு, அடுத்த தடவை பூட் கிழியாமல் வரும்.

பிளக்கின் மேல் முனையில் ஒரு சாண் ரப்பர் ஹோஸைச் சொருகிக் குழிக்குள் இறக்கி, ஹோஸை விரலால் திருப்புங்கள். மரை கோணலாக விழுந்தால் ஹோஸ் வழுக்கிவிடும், நீங்கள் கெடுக்கவே முடியாது. நாலைந்து சுற்று தானாகப் போக வேண்டும். அடியில் உட்கார்ந்த பிறகுதான் பானா. வாஷர் உள்ள 14 மில்லிமீட்டர் மரைப் பிளக்குக்கு அலுமினிய ஹெட்டில் பொதுவாக 25 முதல் 30 நியூட்டன் மீட்டர், 12 மில்லிமீட்டர் மரைக்கு 15 முதல் 20. மேனுவல் வேறு சொன்னால் மேனுவல்தான். டார்க் ரெஞ்ச் இல்லையென்றால், புது வாஷருக்குக் கை இறுக்கத்துக்கு மேல் அரைச் சுற்றிலிருந்து முக்கால் சுற்றுக்குள். இன்ஜின் முழுக்க ஆறியிருக்கட்டும்.

கேள்வி கேட்டவர்

மாட்டிவிட்டேன். ஆனால் இப்போது முன்னைவிட மோசம். ஐட்லிங்கில் வண்டியே ஆடுகிறது, இன்ஜின் விளக்கு விட்டு விட்டு எரிகிறது. ஸ்கேனரில் எர்ரர் கோட் பி 0302. எண்ணெய் இருந்த நாலாவதில் கோளாறு இல்லை, இரண்டாவதில் காட்டுகிறது! ஏதாவது உடைத்துவிட்டேனா?

பதில் 3

இன்ஜினை உடனே நிறுத்துங்கள். விளக்கு மினுக்கினால், எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சூடேற்றுகிறது என்று அர்த்தம். அந்த நிலையில் ஓட்டவே கூடாது.

முதலில் இரண்டாவது காயிலின் கனெக்டர் ‘டிக்’ என்று பூட்டியிருக்கிறதா பாருங்கள். பாதி பேருக்கு அங்கேயே முடிந்துவிடும். சரியாக இருந்தால், இரண்டாவது காயிலை முதலாவதில் மாட்டி, முதலாவதை இங்கே மாட்டி, ஸ்கேனரில் எர்ரர் கோடை அழித்துவிட்டு ஒரே ஒரு நிமிஷம் ஓட விடுங்கள். பி 0301 என்று மாறினால் காயில். பி 0302 அப்படியே இருந்தால் பிளக்கைச் சந்தேகப்படுங்கள்.

கேள்வி கேட்டவர்

கனெக்டர் பூட்டியிருந்தது. காயிலை மாற்றியும் பி 0302தான். மறைக்காமல் சொல்கிறேன், மாட்டும்போது ஒரு பிளக் கை நழுவி சிமெண்ட் தரையில் விழுந்தது. துடைத்துப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை, மாட்டிவிட்டேன்.

பதில் 2

அதுதான் தம்பி. விழுந்த பிளக்கை மாட்டவே கூடாது. கழற்றி, வெள்ளைப் பீங்கானை வெளிச்சத்தில் மெதுவாக உருட்டிப் பாருங்கள். முடி மாதிரி கறுப்புக் கோடு ஒன்று தெரியும். பீங்கான் கீறியிருந்தால், சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறும்போது மின்சாரம் கேப்பைத் தாண்டாமல் அந்தக் கீறல் வழியாக ஓடிவிடும். அதே நம்பரில் ஒரு பிளக் வாங்கி மாட்டுங்கள்.

பதில் 4

இந்த இழையைப் பார்த்துவிட்டுப் பழைய வண்டியில் இறங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நாலு சிலிண்டர் என்றால் நாலு பிளக் என்று எண்ணிவிடாதீர்கள். நிசான் பிக்கப்பில் வந்த பழைய இசட் 24 இன்ஜினிலும், 1989 முதல் 1997 வரை வந்த ஃபோர்டு ரேஞ்சரின் 2.3 லிட்டரிலும் சிலிண்டருக்கு இரண்டாக எட்டு பிளக். ஒரு பக்கம் மட்டும் மாற்றிவிட்டு மற்ற நாலையும் அப்படியே விட்ட வண்டிகளைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி கேட்டவர்

கோடு இருந்தது அண்ணா. அறுகோணத்துக்குச் சற்று மேலே, நகத்தால் தடவினால்கூடத் தட்டுப்படாத கறுப்புக் கோடு. புதுசு போட்டு, எர்ரர் கோடை அழித்து, லோடோடு மேடு ஏற்றிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். குலுக்கல் இல்லை, விளக்கு இல்லை. டேப்பட் கவர் கேஸ்கெட்டும் குழி சீலும் சேர்த்துச் சொல்லி வைத்திருக்கிறேன், வந்ததும் கழற்றுவேன். அப்போது மறுபடி இங்கேதான் வருவேன்.