மறு: ஓவர்ஸ்பீடு கவர்னர் – தமிழில் என்ன சொல்லலாம்?

குழுவினருக்கு வணக்கம்.

லிஃப்ட் பாதுகாப்பு ஆய்வுக்குப் பயிற்சி எடுப்பவர்களுக்கான தமிழ்க் கையேட்டுக்குச் சொற்கள் கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. மின்தூக்கி (லிஃப்ட்), எதிரெடை (கூண்டுக்கு மறுபக்கம் வடத்தில் தொங்கும் எடை), வழித்தண்டவாளம் (கூண்டு ஓடும் தடம்) ஆகியவற்றில் யாருக்கும் மறுப்பில்லை. குழியின் அடியில் கூண்டின் மோதலைத் தாங்கும் பஃபர் பஃபராகவே இருக்கட்டும். இழுபறி கவர்னரில்தான், அதாவது லிஃப்ட் அளவுக்கு மேல் வேகமாக ஓடினால் அதை நிறுத்த வைக்கும் கருவியின் பெயரில்தான்.

> கவர்னர் வேகத்தை ஆள்வது. பஸ், லாரியில் இருப்பதை வேகக் கட்டுப்பாட்டுக் கருவி என்கிறோமே. 'வேகக் கட்டுப்படுத்தி' போதாதா?

ஐயா, லாரிக்கு அது மிகப் பொருத்தம். ஜேம்ஸ் வாட் 1788இல் நீராவி எந்திரத்தில் சுழலும் இரண்டு குண்டுகளை வைத்தாரே, அதற்கும் பொருந்தும். வேகம் கூடினால் குண்டுகள் விரியும், நீராவி குறையும், வேகம் தணியும். அது உண்மையிலேயே வேகத்தை ஆள்கிறது. லிஃப்ட்டில் இருப்பது அந்தப் பெயரையும் சுழலும் எடைகளையும் மட்டும் வாங்கிக்கொண்டது. வேலை வேறு. வேகத்தைக் கவனிப்பது மோட்டாரும் அதை இயக்கும் டிரைவும். கவர்னர் ஓட்டத்தோடு சும்மா சுற்றிக்கொண்டிருக்கும், ஒரு கணத்துக்காகக் காத்திருக்கும்.

அந்தக் கணத்தில் நடப்பது இது. கூண்டோடு பிணைத்த ஒரு மெல்லிய கம்பிவடம், மேலே கவர்னர் சக்கரத்தையும் கீழே குழியில் தொங்கும் இழுவிசை எடையின் சக்கரத்தையும் சுற்றி வருகிறது. கூண்டு வரம்பு மீறினால் சுழலும் எடைகள் விரிந்து முதலில் ஒரு மின்சுவிட்சைத் திறக்கும். மோட்டாருக்கு மின்சாரம் நின்று பிரேக் பிடிக்க வேண்டும். அப்படியும் நிற்காமல் கூண்டு கீழே பாய்ந்தால், கவர்னரின் தாடை அந்த வடத்தைப் பிடித்து நிறுத்திவிடும். வடம் நிற்க, கூண்டு இறங்க, கூண்டிலுள்ள நெம்புகோல் இழுபடும். உடனே ஆப்புகள் வழித்தண்டவாளத்தைக் கவ்வும். இந்தக் கடைசிப் பகுதிக்கு மின்சாரமே தேவையில்லை என்பதுதான் இதன் பெருமை.

அப்புறம், மெஷின் ரூமில் கன்ட்ரோலர் பேனல் என்று ஒன்று தனியாக இருக்கிறது. 'கட்டுப்படுத்தி' என்று எழுதினால் பயிற்சிக்கு வந்தவர் முதலில் அந்தப் பெட்டியைத்தான் திறப்பார்.

> ஆப்புகள் கவ்வும் அமைப்புக்கு 'வீழ்தடுப்பான்' என்றால் எவருக்கும் புரியும்.

புரியும், ஆனால் தவறாகப் புரியும் என்பது என் கவலை. வடம் அறுந்து கூண்டு விழுவது மட்டும்தான் ஆபத்து என்று பொதுமக்கள் நினைக்கலாம், ஆய்வாளர் நினைக்கக் கூடாது. எலிஷா ஓட்டிஸ் 1854இல் நியூயார்க் கிரிஸ்டல் பேலஸ் கண்காட்சியில் மேடையில் நின்றபடி வடத்தை வெட்டச் சொல்லிக் காட்டினார். அந்தச் சாதனம் வடம் தளர்ந்தால் பிடிக்கும். வடம் முழுசாக இருந்தும் வேகம் மீறினால்? அதற்குத்தான் கவர்னர். இன்னொன்றும் உண்டு. எதிரெடை பொதுவாகக் கூண்டின் எடையோடு முழுச்சுமையில் 40 முதல் 50 சதவீதம் சேர்ந்தது. அதனால் காலிக் கூண்டைவிட எதிரெடை கனமானது. பிரேக் விட்டுப்போனால் காலிக் கூண்டு விழாது, மேலே பாயும். 'வீழ்' என்ற சொல் இதையெல்லாம் மறைத்துவிடுகிறது. ஆகவே எதைச் செய்கிறதோ அதையே சொல்லலாம்: தடக்கவ்வி.

இனி கவர்னருக்கு. 'மீவேக உணரி' என்று ஒரு யோசனை வந்தது. உணரி என்றதும் எலக்ட்ரானிக் பொருள் நினைவுக்கு வரும். 'மீவேகம்' ஒரு சாதனைபோல ஒலிக்கிறது, 'மிகை' என்றால்தான் அளவுக்கு மேல் போனது தெரியும். 'மிகைவேகத் தூண்டி' எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் மின்னியல் படித்தவர்களுக்கு மின்தூண்டி என்பது இண்டக்டர். 'முடுக்கி' வேண்டவே வேண்டாம், ஆக்சிலரேட்டர் ஆகிவிடும்.

என் முன்மொழிவு 'மிகைவேக ஏவி', சுருக்கமாக 'ஏவி'. தடக்கவ்வியை வேலைக்கு ஏவுவது அது. இதில் எனக்குப் பிடித்தது, மற்ற சொற்களும் தாமாகப் பிறக்கின்றன. கவர்னர் ரோப் ஏவுவடம். எந்த வேகத்தில் அது பிடிக்க வேண்டுமோ அது ஏவுவேகம். ஐரோப்பியத் தரமான ஈஎன் 81இல் ஏவுவேகம், அந்த லிஃப்ட்டுக்கென்று குறித்த வேகத்தில் குறைந்தது 115 சதவீதம் இருக்க வேண்டும். நொடிக்கு 1 மீட்டர் ஓடும் லிஃப்ட்டில் 1.15க்கு முன்னால் ஏவி பிடிக்கக் கூடாது.

தமிழ்நாட்டில் 1997ஆம் ஆண்டு லிஃப்ட் சட்டம் வந்த பிறகு, உரிமத்துக்காக மின் ஆய்வுத் துறை வந்து பார்க்கும்போது சைட்டில் எல்லோரும் 'கவர்னர்', 'சேஃப்டி' (நம் தடக்கவ்வி) என்றுதான் பேசுகிறார்கள். பேச்சை மாற்றச் சொல்லவில்லை. ஐடிஐ முடித்து வருகிற பிள்ளை, பெயரைப் படித்தவுடன் என்ன பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். கையேட்டில் ஒரு பத்தியை இப்படி எழுதிப் பார்த்தேன்:

"ஏவியின் முத்திரை உடையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். பெயர்ப்பலகையில் உள்ள ஏவுவேகம் இந்த லிஃப்ட்டின் வேகத்துக்குப் பொருந்துகிறதா என்று சரிபாருங்கள். தாடையில் கிரீஸ் இருக்கக் கூடாது. ஏவுவடம் நீண்டு, குழியிலுள்ள எடை தரையைத் தொடக் கூடாது. பிறகு காலிக் கூண்டை மெதுவாக இறக்கியபடி ஏவியைக் கையால் விழச் செய்யுங்கள். தடக்கவ்வி இரு தண்டவாளங்களையும் ஒன்றுபோலக் கவ்வியதா, கூண்டின் தளம் சாயாமல் நிற்கிறதா என்று பாருங்கள். விடுவிக்கக் கூண்டை மேலே நகர்த்த வேண்டும்."

'கையால் விழச் செய்யுங்கள்' எனக்கே திருப்தியாக இல்லை, ட்ரிப், அதாவது ஏவி சட்டென்று வேலையில் இறங்குவது, அதற்கு நல்ல வினைச்சொல் வேண்டும். வேறு சொல் வைத்திருப்பவர்கள் இந்தப் பத்தியிலேயே அதைப் போட்டு எழுதி அனுப்புங்கள். கையேடு அச்சுக்குப் போகுமுன் சேர்த்துவிடலாம்.