தனி ஆல்பத்துக்கு விமர்சனம் எழுதி மாட்டிக்கிட்டவங்க யாராவது இருக்கீங்களா?

வளவுவாசி (காரைக்குடி)

போன ஆடியில நம்ம பக்கத்துத் தம்பி ஒருத்தன் ஆல்பம் போட்டான். பேர் வேண்டாம். கேட்டவங்களுக்குத் தெரியும். பாட்டும் இல்லை, தாளமும் இல்லை. ஏழு டிராக், 41 நிமிஷம், அத்தனையும் ஓசை. பள்ளத்தூர்ல பூட்டிக் கிடக்கிற ஒரு பெரிய வீட்டுல நாலு ராத்திரி மைக் வச்சு எடுத்தது. நான் இந்த மாதிரி சமாச்சாரங்களுக்கு மாசம் ரெண்டு விமர்சனம் எழுதுறவன்.

எழுதினேன். “மூன்றாவது டிராக்கில் வரும் சின்தசைசர் பாஸ் வெறும் சோம்பேறித்தனம். ஆம்பியன்ட் ஆல்பங்களில் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன அதே பிரீசெட் (மெஷினிலேயே தயாராக வரும் ஒலி).” அஞ்சுக்கு ரெண்டரை நட்சத்திரம். அன்னைக்கு அந்த வரிமேல எனக்கு ஒரே பெருமை.

ரெண்டு நாள் கழிச்சு எதையோ சரிபார்க்க அதே டிராக்கை ஸ்பீக்கர்ல போட்டேன். அப்பத்தா பட்டாலையில உக்காந்து வாழைக்காய் நறுக்கிட்டிருந்தாக. 84 வயசு, ஒரு காது மந்தம். அந்த பாஸ், அதான் அந்த அடிச் சத்தம், வந்ததும் அருவாமனையில இருந்து கையை எடுத்துட்டு, “யாரப்பா ரெண்டாங்கட்டுக் கதவைச் சாத்துறது? மெல்லச் சாத்தச் சொல்லு, கீல் போயிரும்”னாக.

ரெண்டாங்கட்டுங்கிறது வீட்டோட ரெண்டாவது முற்றத்துப் பகுதி. அங்க யாருமே இல்லை.

அந்தத் தம்பிக்கு மெசேஜ் போட்டேன். “ஆமாண்ணே, கதவுதான். பர்மாத் தேக்கு, கீலுக்கு எண்ணெய் போட்டுப் பல வருஷம் இருக்கும். சுண்ணாம்புச் சுவருங்கிறதால எதிரொலி அப்படி வந்துச்சு. நான் எதையும் மாத்தலை”ன்னு பதில் வந்துச்சு. கீழே ஒரு சிரிக்கிற பொம்மை. கோவப்பட்டிருந்தாக்கூட நான் மறந்திருப்பேன். அந்தப் பொம்மைதான் இன்னும் உறுத்துது.

தேவகோட்டை ரஸ்தா

அண்ணே, உங்களைத் திட்டத்தான் வந்தேன், முடியலை. நீங்களாவது கேட்டுட்டு எழுதியிருக்கீங்க. எனக்கு நடந்தது பாராட்டு.

எங்க ஆயா பாடினதையெல்லாம் போன்ல பதிவு பண்ணி வச்சிருந்தேன். தாலாட்டு, நலுங்குப் பாட்டு, எல்லாம். அதை வெட்டி ஒட்டி, கீழே கொஞ்சம் எலக்ட்ரானிக் சத்தம் போட்டு ஒன்பது டிராக். வெளியிடுறதுக்கு முன்னாடி ஒரே ஒரு விமர்சகருக்குத் தனி லிங்க் அனுப்பினேன். ஆறு பத்தி எழுதித் தள்ளிட்டாரு. அதுல ஒரு வரி: “எட்டாவது பாடலில் ததும்பும் தாய்மை, தொட்டிலருகே நம்மை உட்கார வைக்கிறது.”

எட்டாவது ஒப்பாரி. எங்க ஐயா இறந்தப்ப ஆயா பாடினது.

லிங்க் அவர்கிட்ட மட்டும்தான் இருந்துச்சு. எத்தனை தடவை ஓடியிருக்குன்னு போய்ப் பார்த்தேன். முதல் ரெண்டு டிராக் ஒவ்வொரு தடவை, மத்த ஏழும் சைபர். ஆல்பத்தைப் பத்தி நான் அனுப்பின குறிப்புல “தாலாட்டு”ன்னு ஒரு வார்த்தை இருந்துச்சு, அதை வச்சே ஒப்பேத்திட்டாரு.

என் தப்பையும் சொல்லிடறேன். நான் அவரைக் கேக்கலை. அந்தத் தொட்டில் வரியையே போஸ்டர்ல பெரிய எழுத்துல போட்டேன். அதைப் பார்த்துட்டுத்தான் நிறையப் பேர் வந்தாங்க. ஆயா உயிரோட இருந்திருந்தா போஸ்டரை வாசிக்கச் சொல்லிக் கேட்டிருப்பாக. என்னன்னு வாசிச்சுக் காட்டியிருப்பேன்?

மூணாங்கட்டு

ரெண்டு பேரும் விமர்சகரைக் குற்றவாளிக் கூண்டுல ஏத்திட்டீங்க. எனக்கு உடன்பாடு இல்லை.

வளவுவாசி, கதவுன்னு தெரியாம எழுதினது தப்பே இல்லை. பாரிஸ்ல பியர் ஷாஃபர் 1948-ல ரயில் சத்தத்தை வெட்டி ஒட்டி இசைன்னு சொன்னதுல இருந்து இந்த வழியில வர்றவங்க கேக்கிறதே இதைத்தான்: எதிலிருந்து வந்த சத்தம்னு பாக்காதே, சத்தத்தை மட்டும் கேளு. நீங்க அதைத்தானே செஞ்சீங்க? தேவகோட்டை அக்கா, நம்ம பக்கம் தாலாட்டு இழுவைக்கும் ஒப்பாரி இழுவைக்கும் எவ்வளவு தூரம்? வார்த்தையை எடுத்துட்டா நானே ஏமாறுவேன். அதுக்காக அந்த ஆளு கேக்காம எழுதினதை நியாயப்படுத்தலை.

என் அனுபவம் சின்னது. ஆல்வின் லூசியர்ங்கிற அமெரிக்க இசையமைப்பாளர் 1969-ல ஒரு காரியம் பண்ணினாரு. தன் பேச்சைப் பதிவு செஞ்சு, அதே அறையில போட்டு, அதைத் திரும்பப் பதிவு செஞ்சு, அதை மறுபடி போட்டு... கடைசியில பேச்சு கரைஞ்சு போய் அறையோட ரீங்காரம் மட்டும் மிஞ்சும். அதை எங்க வீட்டு வளவுல (நடு முற்றத்துல) செஞ்சு பார்த்தேன். பதினாலாவது சுத்துல காவக்காரர் டார்ச்சோட ஓடிவந்து, “உள்ள யாரு தம்பி அழுவுறது?”ன்னாரு. நான் படிச்சதுலயே நல்ல விமர்சனம் அதுதான்.

இனி இந்த மாதிரி ஆல்பம் கேக்கிறவங்களுக்கு, யாரும் கேக்கலைன்னாலும் சொல்றேன். போன் ஸ்பீக்கர்ல கேட்டுட்டு எழுதாதீங்க. அடி ஸ்வரம் அதுல வரவே வராது, கதவோட பாதி அங்கேயே போயிடும். ஹெட்போன் வேணும், வயர் உள்ளது. பிளேலிஸ்ட்ல கலந்து கேக்காதீங்க. ஸ்பாட்டிஃபை எல்லா டிராக்கையும் ‑14 எல்யூஎஃப்எஸ் (சத்தம் எவ்வளவுன்னு சொல்ற அளவு) பக்கமா இழுத்துச் சமன் பண்ணும். பல்லி சத்தமும் கல்யாண மேளமும் ஒரே மட்டத்துக்கு வந்துரும். ஆல்பத்தை முதல்ல இருந்து கடைசி வரைக்கும் வரிசையாக் கேளுங்க. முதல் தடவை ஒண்ணும் எழுதாதீங்க. ரெண்டாம் தடவை ராத்திரியில, மின்விசிறியை நிறுத்திட்டு. விசிறி ஓடினா நீங்க கேக்கிறது விசிறியோட ஆல்பம். மூணாம் தடவை வேற யாரையாவது பக்கத்துல வச்சுக்கிட்டு, முடிஞ்சா அப்பத்தாவை. எங்க எடுத்தது, எந்த மைக்குன்னு குறிப்பு இருந்தா எழுதி முடிச்ச பிறகு படிங்க, முன்னாடி வேண்டாம். அப்புறம் நட்சத்திரம் போடுறதையே விட்டுருங்க. 30 விநாடி ஓடினாலே ஒரு ஸ்ட்ரீம்னு கணக்கு வைக்கிற காலத்துல நாமளும் ஒரு எண்ணைச் சேர்க்கணுமா?

புதுவயல் அரிசி

மூணாங்கட்டு, காவக்காரர் வரை சூப்பர். அதுக்கப்புறம் டாக்டர் சீட்டு.

சரண்ஜித் சிங்கை எல்லாரும் மறந்துட்டீங்க. பம்பாய் சினிமா வாத்தியக்காரர். 1982-ல டிபி-303, டிஆர்-808ங்கிற எலக்ட்ரானிக் பாஸ், டிரம் மெஷின்களை வச்சுப் பத்து ராகத்தை டிஸ்கோ தாளத்துல போட்டாரு. சீண்ட ஆள் இல்லை. 2010-ல மறுபடி வெளியிட்டதும், ஆசிட் ஹவுஸ்ங்கிற எலக்ட்ரானிக் நடன இசை பிறக்கறதுக்கு முன்னாடியே ஒருத்தர் இப்படிப் போட்டிருக்காரான்னு உலகமே திரும்பிப் பார்த்துச்சு. 28 வருஷம்! அதனால எழுத அவசரப்படாதீங்க.

தேவகோட்டை ரஸ்தா

மோசமான ஆல்பம் எது வந்தாலும் இந்த ஒரு கதையை எடுத்து நீட்டிடறீங்க. 28 வருஷம் கழிச்சு வர்ற பாராட்டை வச்சு நான் ஹார்ட் டிஸ்க் வாங்க முடியாது. இப்பவே கேட்டு, இப்பவே எழுதணும். திட்டுனாலும் சரி. அந்தக் காலத்துல விமர்சகர் சுப்புடு எழுதினா வித்வான்களே பயந்தாங்கன்னு சொல்லுவாங்க. என்னை யாராவது அப்படித் திட்டியிருந்தா, எட்டாவது வரைக்கும் கேட்டுட்டாங்கன்னாவது சந்தோஷப்பட்டிருப்பேன்.

ஒத்து (திருப்பத்தூர் பக்கம்)

எங்க வீடு நாயனக்காரங்க வீடு. தாத்தா பத்து வயசுல ஒத்து ஊத ஆரம்பிச்சவர். இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்காக: நாயனத்துக்குச் சுருதி பிடிக்கிற குழல்தான் ஒத்து. விரல் வச்சு வாசிக்கத் துளை கிடையாது, ஒரே ஸ்வரம். கன்னத்துல காத்தைத் தேக்கி, மூக்கால மூச்சை இழுத்துக்கிட்டே விடாம ஊதணும். சாமி புறப்பாட்டுல மணிக்கணக்கா. இப்ப அந்த இடத்துல சுருதிப் பெட்டி வந்தாச்சு, ஒத்துக்காரங்களைத் தேடித்தான் பிடிக்கணும்.

நான் ஒரு வெளிநாட்டு டிரோன் ஆல்பத்துக்கு அஞ்சுக்கு அஞ்சு போட்டிருந்தேன். ஒரு மணி நேரம், ஒரே ஸ்வரம், உள்ளுக்குள்ள லேசா அசையும். “காலத்தை உறைய வைக்கிறது”ன்னெல்லாம் எழுதியிருந்தேன். பெருமையில தாத்தாவுக்கு ஹெட்போனை மாட்டிவிட்டேன். (வயர் உள்ளதுதான், மூணாங்கட்டு.) கண்ணை மூடிக்கிட்டு இருபது நிமிஷம் அசையாம உக்காந்திருந்தாரு. மடங்கிட்டாருன்னே நினைச்சேன்.

ஹெட்போனைக் கழட்டி, “ஒத்து சுத்தமா இருக்கு. நாயனக்காரர் எப்ப வருவாரு?”ன்னாரு.

வர மாட்டாரு தாத்தா, இதுதான் கச்சேரியே, இவ்வளவுதான்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சாரு.

“அப்ப ஒத்துக்காரனுக்கு முழுச் சம்பளம் குடுத்தாங்களா?”

அவரு காலத்துல மேளத்துல எல்லாருக்கும் பங்கு பிரிச்சுட்டுக் கடைசியா மிச்சம் மீதிதான் ஒத்துக்கு. அஞ்சு நட்சத்திரம் போட்ட விமர்சனத்துல, ஒரு ஸ்வரத்தை ஒரு மணி நேரம் பிடிக்க ஒரு உடம்பு என்ன பாடு படும்னு ஒரு வரி இல்லை. எழுதினவன் ஒத்துக்காரர் பேரன்.

மூணாங்கட்டு

அந்த ஆல்பத்துல ஊதினது ஆளா, மெஷினா? ஆஸிலேட்டரா (சத்தம் உண்டாக்குற மின்கருவி) இருந்தா உங்க கவலையே தேவையில்லையே.

ஒத்து

ஆளுதான். மூணு பேர். குறிப்புல போட்டிருக்கு. எழுதின பிறகுதான் படிச்சேன், நீங்க சொன்ன மாதிரியே.

புதுவயல் அரிசி

வளவுவாசி அண்ணே, ஆரம்பிச்சு வச்சுட்டு எங்க போனீங்க? நட்சத்திரத்தை மாத்தினீங்களா இல்லையா?

வளவுவாசி (காரைக்குடி)

ஒரு விசேஷ வீட்டுல இருந்தேன்.

மாத்தலை. நாலு தடவை திரும்பக் கேட்டேன், கடைசித் தடவை விசிறியை நிறுத்திட்டு. வேர்த்து ஊத்துச்சு. ரெண்டரைதான். கதவுன்னு தெரிஞ்சதால மூணாவது டிராக் எனக்கு இப்ப ரொம்பப் பிடிக்குது, அது நிஜம். ஆனா நாலாவதும் அதே கதவு, அஞ்சாவதுல மழை, ஆறாவதுல மறுபடி அதே கதவு, இந்தத் தடவை மழையோட. 41-ல பதினஞ்சு நிமிஷத்தை வெட்டியிருக்கணும். இதையும் அந்தத் தம்பிகிட்ட சொன்னேன். “அம்மாவும் அதைத்தாண்ணே சொன்னாங்க”ன்னான்.

“சின்தசைசர் பாஸ்”ங்கிறதை மட்டும் அடிச்சிட்டு, “ரெண்டாங்கட்டுக் கதவு”ன்னு திருத்தினேன். கீழே ஒரு வரி சேர்த்தேன்: கண்டுபிடித்தவர் என் அப்பத்தா.

அதை அப்பத்தாகிட்ட வாசிச்சுக் காட்டினப்ப, “கீலுக்கு எண்ணெய் போடச் சொன்னியா?”ன்னு கேட்டாக.