பெய்ட்காஸ்டிங் ரீலில் ஓயாமல் சிக்கு விழுகிறது: எதை முதலில் சரிசெய்வது?

கேள்வி (புதுநரம்பு)

வணக்கம். பல ஆண்டுகள் மீன்பிடிக் கம்பில் ஸ்பின்னிங் ரீலிலேயே (தூண்டில் நரம்பைச் சுற்றிவைக்கும் கருவி) பழகிய நான், இரண்டு மாதங்களுக்கு முன் பெய்ட்காஸ்டிங் ரீல் ஒன்றை வாங்கினேன். அன்று முதல் மீன் பிடித்த நேரத்தைவிடச் சிக்கெடுத்த நேரமே அதிகம். ஐந்து முறை எறிந்தால் இரண்டு முறையாவது ஸ்பூலில் (நரம்பு சுற்றிய உருளையில்) குருவிக்கூடு போல நரம்பு பொங்கி எழுந்துவிடுகிறது. சென்ற வாரம் அவிழ்க்கவே முடியாமல் ஏறத்தாழ 30 மீட்டர் நரம்பை வெட்டி எடுக்க நேர்ந்தது.

ரீலில் 12 பவுண்டு தாங்கும் மோனோ (ஒற்றை இழை) நரம்பை விளிம்பு வரை சுற்றியிருக்கிறேன். லூரின் (செயற்கை இரையின்) எடை 7 கிராம். கைப்பிடிப் பக்கத்து டென்ஷன் குமிழை நன்றாக இறுக்கியிருப்பதால், ஸ்பூலை விடுவிக்கும் பட்டையை அழுத்தினாலும் லூர் தானாக இறங்குவதில்லை. கம்பை உலுக்கினால்தான் இறங்குகிறது. எதிர்ப்பக்கத் தட்டில் 0 முதல் 10 வரை எண்கள் கொண்ட காந்தப் பிரேக் இருக்கிறது. தூரம் குறைந்துவிடும் என்று அஞ்சி அதை 3-இல் வைத்திருக்கிறேன். இத்தனை இறுக்கியும் லூர் 12 மீட்டரைத் தாண்டுவதில்லை, சிக்கும் நிற்கவில்லை. நரம்பைப் பிரெய்டாக (பின்னிய இழையாக) மாற்றினால் பயன் உண்டா, அல்லது ரீலிலேயே ஏதேனும் பழுதா?

மறுமொழி (ஆழநீர்)

ரீலில் பழுது இருப்பதாகத் தோன்றவில்லை. பிரேக் செய்ய வேண்டிய வேலையை டென்ஷன் குமிழிடம் ஒப்படைத்திருக்கிறீர்கள், அதுதான் கோளாறு.

ஸ்பின்னிங் ரீலில் எறியும்போது ஸ்பூல் அசையாமல் நிற்க, நரம்பு மட்டும் வளையம் வளையமாக விளிம்பைத் தாண்டி வெளியேறுகிறது. பெய்ட்காஸ்டிங் ரீலிலோ பறக்கும் லூர்தான் ஸ்பூலை இழுத்துச் சுழற்றுகிறது. கம்பை விட்டுப் புறப்பட்ட நொடியிலிருந்தே காற்றின் தடையால் லூர் வேகம் குறைந்துகொண்டே போகிறது. ஆனால் ஒருமுறை சுழலத் தொடங்கிய ஸ்பூல், யாராவது தடுத்தாலொழிய அதே வேகத்தில் ஓடவே பார்க்கும். லூர் வாங்கிக்கொள்வதைவிட அதிகமான நரம்பை ஸ்பூல் அவிழ்த்துவிட்டால், வெளியே போக வழியில்லாத நரம்பு உள்ளேயே சுருண்டு சிக்காகிறது.

ஆகவே எந்தக் குமிழைத் தொடுவதற்கு முன்பும், சிக்கு எறிதலின் எந்தக் கட்டத்தில் விழுகிறது என்று கவனியுங்கள். லூர் சில மீட்டர் போவதற்குள்ளேயே விழுந்தால் பிரேக் போதவில்லை, அல்லது கம்பை வெடுக்கென்று சொடுக்குகிறீர்கள். லூர் தண்ணீரைத் தொடும் நேரத்தில் விழுந்தால் கட்டைவிரல் தாமதமாகிறது. உங்களுடையது முதல் வகையாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். குமிழ் தரும் உராய்வு வேகம் எதுவானாலும் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்கும். எனவே தொடக்கத்தில் ஸ்பூல் பாயும் வேகத்தை அடக்க அது போதாது, பிறகு லூரின் தூரத்தை மட்டும் தின்றுவிடும். காந்தப் பிரேக் அப்படியல்ல. ஸ்பூல் காந்தத்தில் ஒட்டாத அலுமினியம்தான் என்றாலும், காந்தப்புலத்தில் சுழலும்போது அதில் சுழல்மின்னோட்டம் எழுந்து சுழற்சியை எதிர்க்கிறது. வேகம் கூடக் கூட அந்த எதிர்ப்பும் கூடுகிறது.

லூரைக் கட்டிய பிறகு, கம்பைக் கிடைமட்டத்துக்குச் சற்று மேலே பிடித்துக்கொண்டு பட்டையை அழுத்துங்கள். லூர் மெதுவாக, நிற்காமல் இறங்கும் அளவுக்குக் குமிழைத் தளர்த்துங்கள். அது தரையைத் தொட்டதும் ஸ்பூலும் ஏறக்குறைய அதே கணத்தில் நிற்க வேண்டும். அதற்குப் பிறகும் ஓடி நரம்பு தளர்ந்தால் குமிழைச் சிறிதளவு இறுக்குங்கள். காந்தப் பிரேக்கை 8-இல் வைத்துத் தொடங்கி, இருபது முறை சிக்கில்லாமல் எறிந்த பின்னரே ஓர் எண் குறையுங்கள். 7 கிராம் லூரை இப்போதைக்கு எடுத்து வைத்துவிட்டு 14 கிராம் அளவில் ஒன்றைக் கட்டுங்கள். எடை குறைந்த லூரால் ஸ்பூலைச் சீராக இழுக்க முடியாததால்தான் நாம் அறியாமலே கம்பைச் சொடுக்குகிறோம். நரம்பு ஸ்பூலின் விளிம்புக்கு 3 மில்லிமீட்டர் கீழே நின்றால் போதும்.

பிரெய்டு இப்போது வேண்டாம். மெல்லிய பிரெய்டு இழுவிசையில் கீழ் அடுக்குகளுக்குள் புதைந்துகொள்ளும். அதில் விழும் சிக்கை எடுப்பது மோனோவைவிடக் கடினம்.

மறுமொழி (கரையோரம்)

மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவற்றை ஏற்கிறேன், டென்ஷன் குமிழைப் பற்றியதைத் தவிர. லூரை இறக்கிப் பார்க்கும் சோதனை புதியவருக்கு நல்ல தொடக்கம்தான். ஆனால் அதையே பழக்கமாக்கிக்கொண்டால் லூர் மாற்றும் ஒவ்வொரு முறையும் குமிழைத் திருக வேண்டியிருக்கும். என் வழக்கம் வேறு. ஸ்பூலைக் கட்டைவிரலால் இடமும் வலமும் அசைத்துப் பார்ப்பேன். அந்தப் பக்கவாட்டு ஆட்டம் நின்றும் நிற்காத நிலையில் குமிழை விட்டுவிட்டு, அதற்குப் பிறகு அதைத் தொடவே மாட்டேன். லூரின் எடைக்கும் காற்றுக்கும் ஏற்ப மாற்றுவதெல்லாம் பிரேக்கை மட்டுமே. விரல் பழகிய பின் இந்த முறைக்கு மாறிப் பாருங்கள், தூரத்தில் வேறுபாடு தெரியும்.

இதைப் படிப்பவர்களில் மையவிலக்குப் பிரேக் உள்ள ரீல் வைத்திருப்போருக்கும் ஒரு சொல். அதில் பக்கத்தட்டைக் கழற்றினால் சிறு கட்டைகள் வட்டமாக இருக்கும். சுழற்சியில் அவை வெளிப்புறம் தள்ளப்பட்டு வளையத்தில் உராய்கின்றன. அவற்றை எதிரெதிர் இணைகளாகவே இயக்குங்கள், இல்லையேல் ஸ்பூல் சமநிலை இழந்து அதிரும். அந்தப் பிரேக்கின் பிடி எறிதலின் தொடக்கத்தில் மிகுந்தும் முடிவில் ஏறக்குறைய இல்லாமலும் இருப்பதால், கடைசி நேரத்தைக் கட்டைவிரல்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அந்த விரலைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும். எறியும்போது அதை ஸ்பூலிலிருந்து முழுவதும் தூக்கிவிடாதீர்கள். தளர்ந்த வளையங்கள் மேலெழத் தொடங்கும்போது அவை விரல் நுனியில் பட்டுக் கூசும். அந்தக் கூச்சத்தை உணர்ந்தவுடன் இலேசாக அழுத்தினால் சிக்கு பிறக்கும் முன்பே அடங்கிவிடும். லூர் தண்ணீரைத் தொடுவதற்குச் சற்று முன் ஸ்பூலை முற்றிலும் நிறுத்திவிடுங்கள்.

மறுமொழி (வலைமுடிச்சு)

சிக்கு விழுந்த பிறகு செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன், அது எப்படியும் விழத்தான் போகிறது. முதல் தவறு நரம்பைப் பிடித்து இழுப்பது; அப்படி இழுத்தால் வளையங்கள் முடிச்சாக இறுகும். டிராக்கை (மீன் இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்கும் பிடியை) இறுக்கி, கட்டைவிரலால் ஸ்பூலை அழுத்தியபடியே கைப்பிடியை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றுங்கள். பிறகு ஸ்பூலை விடுவித்து நரம்பை மெதுவாக உருவுங்கள். பெரும்பாலான சிக்குகள் இரண்டு மூன்று முறைக்குள் அவிழ்ந்துவிடும். அவிழ்ந்த நரம்பை விரலிடையே ஓட்டிப் பாருங்கள். மடிந்து வெளுத்த இடம் தட்டுப்பட்டால் அதுவரை வெட்டிவிடுங்கள், பெரிய மீன் அங்கேதான் அறுத்துக்கொண்டு போகும்.

பழகும் நாட்களில் 30 மீட்டரை இழக்காமலிருக்க ஒரு வழி உண்டு. உங்கள் வழக்கமான எறிதல் தூரத்தைப் போல் ஒன்றரை மடங்கு நரம்பை வெளியே இழுத்துவிட்டு, ஸ்பூலில் எஞ்சியதன்மேல் மின்கம்பிக்கு ஒட்டும் டேப் ஒரு துண்டை ஒட்டி, அதன்மேல் திரும்பச் சுற்றுங்கள். எவ்வளவு மோசமான சிக்கும் அந்த டேப்புக்குக் கீழே இறங்காது.

மறுமொழி (புதுநரம்பு)

மூவருக்கும் நன்றி. குமிழைத் தளர்த்தி, பிரேக்கை 8-இல் வைத்து, 14 கிராம் லூருடன் இரண்டு மாலைகள் எறிந்து பார்த்தேன். சிக்கு முன்பு எறிதலின் தொடக்கத்திலேயே விழுந்துகொண்டிருந்தது என்பது இப்போதுதான் புரிகிறது. நாற்பது எறிதலில் மூன்று சிக்கு, மூன்றும் டேப்புக்கு மேலேயே நின்றுவிட்டன. தூரமும் ஏறத்தாழ இருமடங்கு. ஆனால் அந்த மூன்றுமே காற்றை எதிர்த்து எறிந்தபோது விழுந்தவை. அதற்கு என்ன செய்வது?

மறுமொழி (ஆழநீர்)

எதிர்காற்றில் லூரின் வேகம் இன்னும் விரைவாகச் செத்துவிடும். ஸ்பூலுக்கு அது தெரியாது. பிரேக்கை ஓர் எண் கூட்டிக்கொண்டு, தலைக்கு மேலே வீசாமல் பக்கவாட்டில் தாழ்வாக எறியுங்கள். தகடு சுழலும் ஸ்பின்னர்பெய்ட் போன்ற, காற்றைப் பிடிக்கும் லூர்களை அப்போது கட்டாதீர்கள்.