சர்க்கரை மாத்திரையை நிறுத்தலாமா? வாழ்க்கைமுறை மருத்துவ ஆய்வுகள் குறித்து ஒரு விவாதம்

துறைமுகத்து மகள் (கடலூர் முதுநகர்):

அனைவருக்கும் வணக்கம். என் தந்தைக்கு வயது 54. மீன் ஏலம் நடக்கும் இடத்தில் எடை போடும் வேலை. விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து போனால், காலை உணவு உண்ண ஒன்பது மணி ஆகிவிடும். அதற்குள் நான்கு தேநீர் குடித்திருப்பார். ஐந்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ளது. மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் எடுத்து வந்தார். சென்ற மாதம் ஏழு நாள் முகாம் ஒன்றுக்குப் போய் வந்தார். யோகமும் சிறுதானியமும் போதும், மாத்திரையை விட்டுவிடலாம் என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். அன்று முதல் மாத்திரைப் பெட்டி நாட்காட்டிக்குப் பின்னால் கிடக்கிறது. முகாமின் கடைசி நாளில் வெறும் வயிற்றில் 118 இருந்தது. நேற்றுக் காலை 231. உடம்பு பழகிக்கொண்டிருக்கிறது என்று அப்பா சொல்கிறார். உணவாலும் பயிற்சியாலும் சர்க்கரை நோயை மாற்றலாம் என்று ஆய்வுகள் உண்மையிலேயே சொல்கின்றனவா? விவரம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

லாசுப்பேட்டை பயிற்சியாளர்:

சொல்கின்றன, அம்மா. பிரிட்டனில் நடந்து 2017-இல் லான்செட் இதழில் வெளியான டைரெக்ட் ஆய்வில் 306 பேர் பங்கேற்றனர். அவர்களில் ஒரு பிரிவினருக்கு மூன்று முதல் ஐந்து மாதங்கள் வரை நாளொன்றுக்கு ஏறத்தாழ 850 கலோரி மட்டுமே கொடுத்து, பிறகு படிப்படியாக வழக்கமான உணவுக்குக் கொண்டுவந்தனர். ஓராண்டு முடிவில் அந்தப் பிரிவில் 46 விழுக்காட்டினருக்கு மாத்திரை இல்லாமலேயே நோய் தணிந்திருந்தது; வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 4 விழுக்காட்டினருக்கே அது வாய்த்தது. இந்த உணவுமுறையைத் தொடங்கிய நாளன்றே சர்க்கரை மாத்திரைகளை நிறுத்திவிட்டார்கள் என்பதையும் கவனியுங்கள். மாத்திரையை நிறுத்து என்று யார் சொன்னாலும் அவரைப் போலி என்று முத்திரை குத்துவது நியாயமில்லை. நம் சென்னையிலேயே 531 பேரை வைத்து நடந்து 2006-இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், சர்க்கரை நோயின் வாசலில் நின்றவர்களிடம் நோய் வருவதை நடையும் உணவுமுறையும் 28.5 விழுக்காடு குறைத்தன. மெட்ஃபார்மின் குறைத்தது 26.4 விழுக்காடு. மாத்திரைக்கு ஈடாக நடை நின்றது என்பதே இதன் பொருள்.

நெல்லிக்குப்பம் மருந்தாளுநர்:

பயிற்சியாளர் ஐயா சொன்ன எண்கள் சரி. ஆனால் பாதியிலேயே நிறுத்திவிட்டார். அதே டைரெக்ட் ஆய்வில் இரண்டாம் ஆண்டு முடிவில் 46 என்பது 36 ஆனது. அதன்பின் தொடர்ந்து கண்காணிக்கப்பட்டவர்களில் ஐந்தாம் ஆண்டில் நோய் தணிந்த நிலையில் நின்றவர்கள் 13 விழுக்காட்டினர் மட்டுமே. மாத்திரையை முதல் நாளே நிறுத்தியது உண்மைதான். நிறுத்தியவர்களை மருத்துவக் குழு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தது, சர்க்கரை ஏறினால் திரும்பவும் கொடுத்தது. இங்கே முகாம் முடிந்ததும் பேருந்தில் ஏற்றி அனுப்பிவிடுகிறார்கள். நோய் வராமல் தடுப்பதைப் பற்றிய சென்னை ஆய்வை, நோய் வந்து ஐந்தாண்டு ஆனவருக்குச் சான்றாகக் காட்டுவதும் பொருந்தாது.

என் கடைக்கு எதிரே குடியிருந்த பெரியவர் ஒருவர் இப்படித்தான் மாத்திரையை விட்டார். எட்டு மாதம் சர்க்கரையைப் பார்க்கவே இல்லை. ஒருநாள் அவருடைய ரப்பர் செருப்பின் அடியில் ஒரு ஆணி ஏறி, உள்ளங்காலைத் துளைத்துக்கொண்டு இருந்திருக்கிறது. அவருக்கு வலி தெரியவில்லை. அந்தச் செருப்போடு இரண்டு நாள் கடைத்தெருவுக்குப் போய் வந்தார். தரையில் வட்ட வட்டமாக இரத்தக் கறை இருப்பதைப் பேத்திதான் பார்த்துச் சொன்னாள். இரண்டு விரல்களை எடுத்த பிறகும் புண் ஆற நான்கு மாதம் ஆயிற்று. நரம்பு மரத்துப்போன கால் எதையும் முன்கூட்டிச் சொல்லாது. உடம்பு பழகிக்கொண்டிருக்கிறது என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு அந்தக் கறைதான் நினைவுக்கு வருகிறது.

லாசுப்பேட்டை பயிற்சியாளர்:

அந்தப் பெரியவருக்கு நேர்ந்தது கொடுமை, மறுக்கவில்லை. ஆனால் மாத்திரையை ஒழுங்காக விழுங்கிக்கொண்டே கால் விரலை இழந்தவர்களையும் நான் அறிவேன். பத்து ஆண்டுகளாக மருந்துச் சீட்டு மட்டும் நீண்டுகொண்டே போகும்; என்ன சாப்பிடுகிறீர்கள், எத்தனை மணிக்குத் தூங்குகிறீர்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. என்னிடம் பயிற்சிக்கு வருபவர்களில் பலர், தங்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் நான்தான் என்கிறார்கள். அந்த வெற்றிடத்தில்தான் முகாம்கள் முளைக்கின்றன. ஐந்தாம் ஆண்டில் 13 விழுக்காடு என்பதைத் தோல்வியாகப் பார்க்கிறீர்கள். மாத்திரை மட்டும் தின்று யாருக்காவது நோய் தணிந்ததுண்டா?

திருப்பாதிரிப்புலியூர் செவிலி (பணி ஓய்வு):

மகளே, உன் கேள்விக்கு வருகிறேன். முகாமில் 118 வந்தது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. நியூகாசில் பல்கலைக்கழகத்தில் ராய் டெய்லர் குழுவினர் 2011-இல் வெளியிட்ட சிறிய ஆய்வில் 11 சர்க்கரை நோயாளிகளுக்கு நாளொன்றுக்கு 600 கலோரி மட்டும் கொடுத்தார்கள். ஒரே வாரத்தில் வெறும் வயிற்றுச் சர்க்கரை இயல்பு நிலைக்கு வந்துவிட்டது. ஈரலில் தேங்கிய கொழுப்புதான் முதலில் கரைகிறது. அது கரைந்ததும் ஈரல் இரவெல்லாம் இரத்தத்தில் சர்க்கரையைக் கொட்டுவது குறைகிறது. ஆனால் இன்சுலின் சுரக்கும் கணையம் தேறுவதற்கு அந்த ஆய்வில் எட்டு வாரங்கள் ஆயின. உன் தந்தை ஏழாம் நாள் அளந்த எண் ஈரலின் எண் என்றுதான் நான் நினைக்கிறேன். வீட்டுக்கு வந்து பழைய உணவுக்குத் திரும்பியதும் அது 231-க்கு ஏறியதில் வியப்பே இல்லை.

நோய் தணிந்தது என்று சொல்லவும் ஓர் அளவுகோல் உண்டு. மாத்திரையை நிறுத்திக் குறைந்தது மூன்று மாதம் ஆன பிறகு, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 6.5 விழுக்காட்டுக்குக் கீழே இருக்க வேண்டும் என்று பன்னாட்டு வல்லுநர் குழு 2021-இல் வரையறுத்தது. விரல் நுனியில் ஒருநாள் எடுத்த அளவு அதற்குப் போதாது.

டைரெக்ட் ஆய்வில் 15 கிலோவோ அதற்கு மேலோ எடை குறைத்தவர்களில் 86 விழுக்காட்டினருக்கு நோய் தணிந்தது. ஆகவே எடை குறைந்ததுதான் அங்கே மருந்தாக வேலை செய்தது. உன் தந்தையின் எடை முகாமுக்குப் பிறகு எவ்வளவு குறைந்தது என்று நீ எழுதவில்லை.

எதிர்ப்பக்கத்து ஆபத்து ஒன்றை இருவருமே சொல்லாமல் விட்டீர்கள். கிளிமிபிரைடு, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்கச் செய்யும். அந்த மாத்திரையைப் பழைய அளவிலேயே விழுங்கிக்கொண்டு உணவைப் பாதியாகக் குறைத்தால் சர்க்கரை கிடுகிடுவென்று இறங்கும். இரவுப் பணியில் அப்படி வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறி வந்தவர்களைக் குடிபோதை என்று நினைத்து உறவினர்கள் திட்டிக்கொண்டே அழைத்து வந்ததைப் பார்த்திருக்கிறேன். உணவு மாறும்போது மாத்திரையின் அளவும் மாற வேண்டும். அதை மருத்துவர்தான் மாற்ற வேண்டும்.

வில்லியனூர் வாசகர்:

எனக்கு இந்த விவாதத்தின் அடிப்படையிலேயே ஒரு தடை இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு 2023-இல் வெளிவந்தபோது, புதுச்சேரியில் வயதுவந்தோரில் 26.3 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய் என்று கண்டது. கோவாவுக்கு அடுத்து நாம்தான்; தமிழ்நாட்டின் அளவு 14.4. நான்கில் ஒருவருக்கு மேல் நோயாளி என்றால் அதைத் தனிமனிதரின் சோம்பல் என்று சொல்ல முடியுமா? வாழ்க்கைமுறை மருத்துவம் என்ற சொல்லே பழியை நோயாளியின் தலையில் வைக்கிறது. மூன்று மணிக்கு எழுந்து தராசடியில் நிற்பவரிடம் ஏழு மணி நேரம் தூங்குங்கள், மாலையில் கடற்கரைச் சாலையில் நடங்கள் என்று சொல்வது எளிது. டைரெக்ட் ஆய்வில் உணவையே பொட்டலமாகக் கொடுத்தார்கள், பின்னால் நின்று தாங்க ஆளும் கொடுத்தார்கள். அந்தத் தாங்கலை நம் ஆரம்பச் சுகாதார நிலையங்களில் யார் கொடுப்பார்கள்?

லாசுப்பேட்டை பயிற்சியாளர்:

யோகம் கொடுக்கும். செலவில்லை, இடமும் அதிகம் வேண்டாம்.

நெல்லிக்குப்பம் மருந்தாளுநர்:

யோகத்தையும் அளந்துதான் பார்த்திருக்கிறார்கள், ஐயா. மாரடைப்பு வந்த 3,959 பேரை இந்தியாவின் 24 மருத்துவமனைகளில் சேர்த்து யோகா-கேர் என்ற ஆய்வு நடந்தது. 2020-இல் முடிவு வெளியானது. இறப்பு, மறு மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றில் யோகப் பிரிவுக்கும் மற்றப் பிரிவுக்கும் உறுதியாகச் சொல்லத்தக்க வேறுபாடு தெரியவில்லை.

லாசுப்பேட்டை பயிற்சியாளர்:

இப்போது பாதியில் நிறுத்தியவர் நீங்கள். அதே ஆய்வில் யோகப் பிரிவினர் தங்கள் உடல்நலத்தை மேலாக உணர்ந்தார்கள். மாரடைப்புக்கு முன்பு செய்த வேலைகளுக்கும் கூடுதலாகத் திரும்பினார்கள். எதிர்பார்த்ததைவிடக் குறைவான பாதிப்புகளே நேர்ந்ததால், வேறுபாடு இருந்திருந்தாலும் அதைக் காட்டும் வலிமை ஆய்வுக்கு இல்லாமல் போயிற்று. பயந்து திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்ட ஒருவர் மீண்டும் வயலுக்குப் போவது எனக்குச் சிறிய செய்தியாகத் தோன்றவில்லை. ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். மாத்திரைக்கு மாற்றாக யோகம் என்று நான் முன்பு வகுப்பில் சொல்லியிருக்கிறேன். இந்த எண்களை வைத்துக்கொண்டு அப்படிச் சொல்ல முடியாது. இனிச் சொல்ல மாட்டேன்.

திருப்பாதிரிப்புலியூர் செவிலி:

சிறுதானியம் பற்றி ஒரு சொல். கேழ்வரகை மாவாக அரைத்துக் குழையக் காய்ச்சிய கூழ் சர்க்கரையை விரைவாகவே ஏற்றும். சிறுதானியம் என்பதற்காக இரண்டு சொம்பு குடித்தால் பயன் இல்லை. அளவு குறையட்டும், கூடவே சுண்டலோ மீனோ கீரையோ இருக்கட்டும். துறைமுகத்தில் இருப்பவருக்கு மீனுக்கா பஞ்சம்?

துறைமுகத்து மகள்:

அனைவருக்கும் நன்றி. நேற்று அப்பாவை மருத்துவரிடம் அழைத்துப் போனேன். எச்பிஏ1சி 8.4 வந்தது. எடை 79 கிலோ. முகாமில் குறைந்தது ஒன்றரைக் கிலோதான். மெட்ஃபார்மினை மீண்டும் தொடங்கி, கிளிமிபிரைடைப் பாதி அளவாகக் குறைத்துக் கொடுத்திருக்கிறார். மூன்று மாதத்தில் எட்டுக் கிலோ குறைந்தால் அந்தப் பாதியையும் நிறுத்திப் பார்க்கலாம் என்றார். மாத்திரையை விடுவதை ஒரு மருத்துவரே பேசியதால் அப்பாவின் முகம் தெளிந்தது. பாதங்களையும் சோதித்தார், இடது கால் பெருவிரலில் மெல்லிய இழையை வைத்து அழுத்தியபோது அப்பாவுக்குத் தெரியவில்லை. அதைப் பார்த்த பிறகு வீடு வந்து சேரும்வரை அவர் பேசவில்லை. வந்ததும் நாட்காட்டிக்குப் பின்னாலிருந்து பெட்டியை அவரே எடுத்தார்.

வில்லியனூர் வாசகர் கேட்ட கேள்விக்கு எங்கள் வீட்டிலும் விடை இல்லை. மூன்று மணி வேலை மாறாது. நான்கு தேநீரில் மூன்றைச் சர்க்கரை இல்லாமல் குடிக்க ஒப்புக்கொண்டிருக்கிறார். விடியலில் ஏலம் தொடங்கும் முன் குடிக்கும் முதல் தேநீரை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டாராம்.

நெல்லிக்குப்பம் மருந்தாளுநர்:

அந்த ஒன்றை விட்டுவிடுங்கள், அம்மா. செருப்பைப் போடும் முன் ஒவ்வொரு நாளும் உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள்.