புதுப்பிப்பு: மலை ரயில் கட்டுரையை முதற்பக்கத்துக்கு அனுப்பும் முன்

ஆங்கில விக்கிப்பீடியா முதற்பக்கத்தின் 'உங்களுக்குத் தெரியுமா' பகுதிக்கு நீலகிரி மலை ரயிலிலிருந்து ஒரு வரி தரலாம் என்று போன பதிவில் எழுதியிருந்தேன். அதில் ஒரு திருத்தம். பழைய கட்டுரை அப்படியே செல்லாது. கட்டுரை புதிதாக எழுதப்பட்டதாகவோ, உரைநடை ஐந்து மடங்காக விரிக்கப்பட்டதாகவோ, 'நல்ல கட்டுரை' மதிப்பீட்டில் தேறியதாகவோ இருக்க வேண்டும். அது நடந்த 7 நாளுக்குள் பரிந்துரைக்க வேண்டும். உரைநடை குறைந்தது 1,500 எழுத்துகள். பட்டியலும் அட்டவணையும் கணக்கில் வராது. ஏற்கெனவே நீண்டிருக்கும் கட்டுரையை ஐந்து மடங்காக்குவது நடக்கிற காரியமல்ல. கல்லாறு, ரன்னிமேடு போன்ற நிலையங்களுக்குத் தனிக் கட்டுரை இல்லையென்றால் அங்கே தொடங்குவதே புத்திசாலித்தனம்.

கொக்கி வரி, அதாவது முதற்பக்கத்தில் தோன்றும் அந்த ஆர்வமூட்டும் ஒரு வரி, 200 எழுத்துக்குள். பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். 'மிகச் செங்குத்தான', 'மிகப் பழைய' என்று எழுதினால் சான்று கேட்பார்கள், நியாயம்தானே. ஆண்டிலும் குழப்பம் வரும்: குன்னூர் வரை 1899, ஊட்டி வரை 1908. எந்தப் பகுதி என்று சொல்லாமல் 'ரயில் தொடங்கியது' என்றால் சரிபார்ப்பவர் நிறுத்திவிடுவார். கல்லாறு–குன்னூர் இடையிலான பற்சக்கரப் பாதை (எஞ்சினின் பற்சக்கரம் பல் வைத்த தண்டவாளத்தைப் பிடித்து ஏறும் பாதை) பாதுகாப்பான தேர்வு. ஆனால் அந்தத் தகவல் கட்டுரைக்குள்ளும் இருந்து, அதே வாக்கியத்தின் முடிவுக்குள் அதற்கான சான்று வர வேண்டும்.

படம்: வணிகப் பயன்பாட்டைத் தடுக்கும் உரிமத்தில் உள்ளதை விக்கிமீடியா பொதுவகம் (விக்கிப்பீடியா பயன்படுத்தும் படக் கிடங்கு) ஏற்காது. சுற்றுலா இணையதளப் படங்களை மறந்துவிடுங்கள்.