உறைந்த கடலில் ஐஸ் தடிமன் அளப்பது: இனுவிட் மக்களும் கருவிக்காரர்களும் கைகோத்த இடத்தில் களத்துச் சங்கதிகள் (வடகோடி, குறடு, நீவாடு, சாலிடர் என்ற நால்வர் எழுதியது)

வடகோடி:
கனடாவின் லாப்ரடார் கரையில் வடக்கே கடைசி ஊர் நெய்ன். சாலை கிடையாது. குளிர்காலத்தில் உறைந்த கடல்தான் ரோடு. விறகு, வேட்டை, மீன், பக்கத்து ஊர், எல்லாம் அதன் மேல்தான். 2009-10 குளிர்காலத்தில் அந்த ரோடு சரியாக உறையவில்லை. ஊரில் பன்னிரண்டு பேருக்கு ஒருவர் ஐஸ் உடைந்து தண்ணீருக்குள் போனதாகப் பின்னால் எடுத்த கணக்கு சொன்னது. நுனட்சியாவுட் என்ற லாப்ரடார் இனுவிட் தன்னாட்சி அரசும் மெமோரியல் பல்கலைக்கழகப் புவியியலாளர் ட்ரெவர் பெல்லும் சேர்ந்து தொடங்கிய ஸ்மார்ட்ஐஸ் என்ற ஐஸ் அளக்கும் திட்டம் அதிலிருந்து முளைத்ததுதான். நெய்னிலும், கனடாவின் வடகோடிப் பிரதேசமான நுனவுட்டின் பாண்ட் இன்லெட் ஊரிலும் முதலில் ஓட்டிப் பார்த்தார்கள். 2016இல் ஆர்க்டிக் இன்ஸ்பிரேஷன் பரிசு கிடைத்தது. இன்று லாப நோக்கமில்லாத சமூகத் தொழில் நிறுவனமாக நடக்கிறது.

கருவி இரண்டு. ஒன்று ஸ்மார்ட்பாய் என்ற மிதவை: ஐஸில் துளை போட்டு நட்டு வைக்கும் குழாய். உள்ளே வரிசையாக வெப்ப உணரிகள். அளவுகள் செயற்கைக்கோள் வழியாக வரும். இன்னொன்று ஸ்மார்ட்கமுத்திக்: ஸ்னோமொபைல் பின்னால் இழுத்துப் போகும் சறுக்குவண்டி, உள்ளே மின்காந்த உணரி. ஓட்டுபவர் ஓடும்போதே தடிமனைப் பார்க்கலாம்.

கமுத்திக் என்பது இனுவிட்டின் பழைய சறுக்குவண்டி. குறுக்குச் சட்டங்களை ஆணி அடிக்காமல் கயிற்றால் கட்டுவார்கள், மேடு பள்ளத்தில் நெளிந்து கொடுக்க. நம்ம கட்டுமரம் மாதிரிதான். மின்காந்த உணரிக்கும் இரும்பு பக்கத்தில் இருந்தால் ஆகாது. பழையதும் புதியதும் இவ்வளவு பொருந்திப் போவது அபூர்வம்.

குறடு:
சறுக்குவண்டி விஷயம் நான் எழுதுறன். இந்த வகைக் கருவிகளில் கடல் ஐஸ் வேலைக்குப் பரவலா எடுக்கிறது ஜியோனிக்ஸ் கம்பனியின்ர இஎம்31 எண்ட மின்காந்த உணரி. இரண்டு சுருள், இடைவெளி 3.66 மீட்டர், 9.8 கிலோஹெர்ட்ஸ். உப்புத் தண்ணி மின்சாரத்தை நல்லாக் கடத்தும்: குளிர்ந்த கடல்நீர் மீட்டருக்கு 2,500 மில்லிசீமென்ஸ் அளவில நிக்கும், ஐஸ் சில பத்துகள்தான். அதனால கருவி உண்மையில அளக்கிறது ஐஸை இல்லை, சுருளிலிருந்து கடல்நீர் எவ்வளவு கீழ இருக்கு எண்ட தூரத்தை. அதில சுருளின்ர உயரத்தைக் கழிச்சால் ஸ்னோவும் ஐஸும் சேர்ந்த தடிமன். ஸ்னோவைக் குச்சி குத்தித் தனியா அளந்து கழிக்க வேணும். இதை மறந்தால் 25 செ.மீ. ஸ்னோவும் ஐஸாப் போய்ச் சேரும்.

அளவு சரிபார்க்கிற ஒழுங்கு இதுதான். கருவியை வீட்டுச் சூட்டிலிருந்து நேரா எடுத்துக்கொண்டு ஓடக் கூடாது; வெளியில அரை மணித்தியாலமாவது குளிர விடுங்கோ, சூடு மாறமாற அளவு நகரும். சமதளமான ஐஸ் பாருங்கோ. 5 செ.மீ. அகல ஆகரால (ஐஸ் துளைக்கிற திருகு) இரண்டு சுருளுக்கும் இடைப்பட்ட நீளத்துக்கு ஐந்தாறு துளை போட்டு, அடியில மடங்கி விரியிற பட்டை உள்ள அளவுநாடாவை இறக்கி, ஐஸின்ர அடி விளிம்பில கொளுவ வைச்சு உண்மைத் தடிமனை எழுதுங்கோ. பிறகு வண்டியை மர ஏணி மேல தூக்கி 50 செ.மீ., 1 மீட்டர் எண்டு உயர்த்தி வாசிக்கிறது, 50 செ.மீ. தூக்கினால் ஐஸ் 50 செ.மீ. கூடின மாதிரித்தான். ஏணி மரமா இருக்க வேணும், அலுமினிய ஏணி வைச்சால் எல்லாம் பிழைக்கும். அந்தப் புள்ளிகளை வைச்சு வளைகோடு போடலாம்.

பிழைகளில இரண்டு ஜாதி. குறைச்சுச் சொல்லுற பிழை ஆளைச் சுத்துப் பாதையில விடும், அவ்வளவுதான். கூட்டிச் சொல்லுற பிழை ஆளைத் தண்ணிக்குள்ள விழுத்தும். ஸ்னோ பாரத்தில ஐஸ் அமிழ்ந்து கடல்நீர் மேல ஏறிச் சேறு மாதிரி நிண்டால் கருவி குறைச்சுச் சொல்லும். சும்மா ஒரு கணக்கு: ஐஸ் தடிமனில மூண்டில ஒரு பங்குக்கு மேல ஸ்னோ குவிஞ்சால் இந்தச் சேற்றை எதிர்பாக்கலாம். 60 செ.மீ. ஐஸ், 20 செ.மீ. ஸ்னோ எண்டால் கவனம்.

கூட்டிச் சொல்லுறது எங்க எண்டால், ஆத்து வாய். ஐஸுக்குக் கீழ நல்ல தண்ணிப் படலம் நிக்கும், அது கடத்தாது, கருவி அதையும் ஐஸ் எண்டு எண்ணும். ஐஸுக்குக் கீழ ஆழம் ஒண்டு இரண்டு மீட்டர்தான் எண்டாலும் அதே கதை. வேகமா ஓடி வண்டி துள்ளினால் ஒவ்வொரு துள்ளலும் தடிமனில கூடும். இன்னொண்டு: கருவி சில மீட்டர் அகலத்துக்குச் சராசரி எடுத்துத்தான் சொல்லும். ஒரு மீட்டர் அகல வெடிப்பு அந்தச் சராசரிக்குள்ள மறைஞ்சு போகும். ஐஸ் மோதிக் குவிஞ்ச மேட்டில மட்டும் கதை மாறி, அடிப்பக்க ஆழத்தைப் பாதி வரைக்கும் குறைச்சுக் காட்டும். சமதளத்தில 5-10 செ.மீ. துல்லியம் எண்டு விளம்பரத்தில போடுறது உண்மைதான், ஆனா சமதளத்தில மட்டும்.

நீவாடு:
குறடு அண்ணா, அந்த ஆற்று வாய் சமாசாரம் புதுசு எனக்கு. நன்றி.

மீன் பக்கத்திலிருந்து ஒன்று. நுனவுட்டில் பாஃபின் தீவின் பங்னிர்டுங் ஊரில், கம்பர்லேண்ட் சவுண்டு என்ற விரிகுடாவின் ஐஸ் மேலிருந்தே கிரீன்லாந்து ஹாலிபட் என்ற தட்டை மீனைப் பிடிக்கிறார்கள். 1980களின் பிற்பாதியில் தொடங்கிய தொழில். நம்ம ஊர் ஆயிரங்கால் தூண்டில்தான் (நீளக் கயிற்றில் வரிசையாகக் கொக்கிகள்), ஆனால் படகு இல்லை, ஒரு துளை. அந்த ஒரே துளையில் நீளக் கயிற்றைக் கடல் தரையில் எப்படிப் படுக்க வைப்பது? நுனியில் ஒரு உலோகத் தகடு கட்டி இறக்குகிறார்கள். தகடு கீழே போய் நீரோட்டத்தில் பட்டம் மாதிரி பறந்து போகும், பின்னாலேயே கொக்கிக் கயிறு நீளமாகப் படியும். நீரோட்டம் செத்துக் கிடந்தால் கயிறு துளைக்கு அடியிலேயே குவிந்து சிக்கு விழும். கிரீன்லாந்து சுறா மாட்டினாலும் சிக்குதான், அது சுழன்று கயிற்றை உடம்பில் சுற்றிக்கொள்ளும்.

ஆழம் நூற்றுக்கணக்கான மீட்டர் என்பதால் கரையோரம் உட்கார்ந்து பிடிக்க முடியாது, வெளியே போகணும். வெளியே என்றால் ஐஸ் உடையும் பக்கம். 1996 புயலில் ஐஸ் உடைந்து கருவிகள் நிறையப் போயின. இந்தத் தொழிலுக்கு இன்றைய தடிமன் மட்டும் தெரிந்தால் பற்றாது. அடுத்த புயலுக்கு ஐஸ் நிற்குமா என்பதும் தெரியணும். அதைக் கருவி தனியாகச் சொல்லுமா?

வடகோடி:
சொல்லாது. அங்கேதான் ஊர்க் குழு வருகிறது. பாண்ட் இன்லெட்டில் அந்தக் குழுவுக்கு சிகுமியுட் என்று பெயர். மிதவையை எங்கே நடுவது, வண்டி எந்தத் தடத்தில் ஓடுவது என்பதை அவர்கள் முடிவு செய்கிறார்கள். பொறியாளர் வரைபடத்தைப் பார்த்து நட்டால் சமதளமான, பத்திரமான, அளப்பதற்கு வசதியான இடத்தில் நடுவார். அந்த இடத்தின் தடிமன் யாருக்கு வேண்டும்? நெய்ன் பக்கத்தில் "ரேட்டில்" என்று சொல்லும் குறுகலான ஜலசந்திகள் உண்டு. அடியில் ஓட்டம் பலமாக இருப்பதால் ஐஸ் எப்போதும் மெலிசு. மேலே ஸ்னோ மூடியிருந்தால் கண்ணுக்குத் தெரியாது. எந்த ரேட்டில் எந்த மாதத்தில் திறக்கும் என்பது பெரியவர்களுக்குத்தான் தெரியும்.

சொற்களும் அவர்களுடையவைதான். சிகு என்றால் கடல் ஐஸ். சிகுவாக் புதிதாகக் கட்டிய மெலிசு. துவாக் கரையோடு ஒட்டி நிற்பது. சினாக் அந்த ஒட்டுக்கும் திறந்த கடலுக்கும் இடைப்பட்ட விளிம்பு. செயற்கைக்கோள் படத்தில் சாம்பல் நிறப் பட்டையைப் பார்த்து "இது துவாக், அது இல்லை" என்று பிரித்துப் பயண வரைபடம் வரைய இனுவிட் இளைஞர்களையே பழக்குகிறார்கள். நுனவுட்டின் சனிகிலுவாக் ஊரிலிருந்து 2019 டிசம்பரில் வந்த சிகு என்ற கைபேசிச் செயலியிலும் இந்தத் தகவலைப் பார்க்கலாம். அதில் பதிவு போடுபவருக்கே பதிவின் உரிமை.

சாலிடர்:
மிதவையைப் பற்றி யாரும் எழுதவில்லையே.

தத்துவம் எளிது. கடல்நீர் -1.8 பாகையில் நிற்கும், அதில் மூழ்கிய உணரிகள் எல்லாம் ஒரே எண் காட்டும். ஐஸுக்குள் மேலே போகப் போகச் சீராகக் குளிரும். ஸ்னோவுக்குள் அதைவிடச் செங்குத்தாக இறங்கும், ஸ்னோ கம்பளி மாதிரி. கோடு எங்கே மடங்குகிறதோ அங்கே ஒரு படலம் முடிகிறது. ஜனவரியில் கண்ணை மூடிக்கொண்டு படிக்கலாம். வசந்தத்தில் எல்லாம் உருகுநிலைக்கு வந்துவிட்டால் கோடு நேராகிவிடும், மடிப்பு தெரியாது. ஆபத்து கூடும் மாதத்தில்தான் இது கண் மங்கும். அப்போது வண்டியைத்தான் நம்பணும்.

நடும்போது: கரையோரத்தில் கடல் ஏற்ற இறக்கத்தில் பிளக்கும் வெடிப்பை விட்டுத் தள்ளி வையுங்கள். துளை திரும்ப உறையும்வரை முதல் சில நாள் அளவுகளைக் கணக்கில் எடுக்காதீர்கள். கறுப்புக் குழாய் வெயிலில் சூடாகித் தன்னைச் சுற்றி வளையமாக உருக்கிக்கொள்ளும்; வெள்ளைதான் சரி. வயரை நரி கடிக்கும், கரடி ஆட்டிப் பார்க்கும், உறை போடணும். பிவிசி உறை கடுங்குளிரில் நொறுங்கும், சிலிக்கோனோ பாலியூரித்தேனோ எடுங்கள். ஐஸ் இளகுமுன் திரும்ப எடுக்காவிட்டால் மிதவை கடலோடு போயிற்று.

பேட்டரி: திரும்பச் சார்ஜ் செய்யும் லித்தியம் அயனைப் பூஜ்யத்துக்குக் கீழே சார்ஜ் செய்தால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து செல் கெடும். ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் லித்தியம் பேட்டரி குளிரைத் தாங்கும், ஆனால் விமானத்தில் அது அபாயச் சரக்கு. ஊருக்குச் சரக்குக் கப்பல் கடல் திறந்திருக்கும்போது மட்டும். எனவே உதிரிப் பாகப் பட்டியல் கோடையிலேயே போகணும்.

ஒப்பந்தத்தில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: உடைந்தால் யார், எங்கே பழுது பார்ப்பது? நெய்னிலேயே இனுவிட் இளைஞர்கள் மிதவை பூட்டும் பட்டறை வைத்தது அதனால்தான் பெரிய விஷயம். பூட்டத் தெரிந்தவருக்குப் பிரிக்கவும் தெரியும். தெற்கே அனுப்பித் திரும்ப வரும்வரை காத்திருந்தால் பருவம் முடிந்துவிடும். "கூட்டாண்மை" என்று தாளில் எழுதிவிட்டுப் பெட்டிக்கு முத்திரை ஒட்டி, திறந்தால் உத்தரவாதம் போச்சு என்று சொல்லும் ஒப்பந்தங்களும் உண்டு. வண்டி ஓட்டுபவருக்கு முழுப் பருவத்துக்கும் கூலியும் எரிபொருளும் எழுதப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். தரவு யாருடையது என்ற கேள்விக்கு கனடா இனுவிட்டின் தேசிய அமைப்பான இனுவிட் தபிரீட் கனாதமியின் 2018 ஆராய்ச்சி வியூகத்தைப் படித்துவிட்டுப் பேச உட்காருவது நல்லது.

நீவாடு:
ஒரு கடைசிக் கேள்வி. இதே சறுக்குவண்டியை உறைந்த ஏரி மேல் ஓட்டலாமா? அங்கேயும் ஆள் விழுகிறார்களே.

குறடு:
சரிவராது தம்பி. ஏரித் தண்ணியில உப்பில்லை, ஐஸுக்கும் தண்ணிக்கும் கருவி வித்தியாசம் காணாது. ஏரிக்கு ரேடார் எடுங்கோ, நிலத்துக்குள்ள பாக்கிற வகை. அது நன்னீர் ஐஸில வடிவா வேலை செய்யும். அதைக் கடலுக்குக் கொண்டு வந்தால் ஐஸுக்குள்ள இருக்கிற உப்புநீர் அலையைக் குடிச்சிடும், அங்க சறுக்குவண்டிதான்.