மறு: செல் படங்களில் 'செக்மென்டேஷன்': பிரிப்பு வேண்டாம், வரப்பிடல் எப்படி?

குழும நண்பர்களுக்கு வணக்கம். நுண்ணோக்கிப் படத்தில் ஒவ்வொரு செல்லையும் கணினி தனித்தனியாக அடையாளம் காண்பதை ஆங்கிலத்தில் 'செக்மென்டேஷன்' என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் வந்த கருத்துகளுக்கு என் பதில் இது.

> 'செல் பிரிப்பு' என்றே வைத்துக்கொள்ளலாமே. எளிது, எல்லாருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் வேறொன்றாகப் புரியும். பள்ளிப் பிள்ளையிடம் 'செல் பிரிதல்' என்று சொன்னால் ஒரு செல் இரண்டாகும் மைட்டாசிஸ் படத்தை வரைந்து காட்டும். செல்லைக் 'கலம்' என்னும் இலங்கையில் 'கலப்பிரிவு' என்பதும் அதுவேதான். செல் தானாகச் செய்யும் வேலைக்கு இங்கே பெயர் தேவையில்லை. படம் எடுத்து முடித்த பிறகு, எந்தப் புள்ளி எந்தச் செல்லுக்குச் சொந்தம் என்று கணினி பார்த்துச் சொல்கிறதே, அதற்குத்தான் தேவை.

ஒரு வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: "பாக்லிடாக்செல் இட்ட குழிகளில் செல் பிரிப்பு சரியாக நடக்கவில்லை." குழி என்பது செல் வளர்க்கும் தட்டில் உள்ள சிறு பள்ளம். பாக்லிடாக்செல் புற்றுநோய் மருந்து. செல்லுக்குள் இருக்கும் நுண்குழல்களைக் கலையவிடாமல் இறுக்கி, செல் இரண்டாகப் பிளப்பதையே கெடுப்பது. அதில் தப்பிவரும் செல்களில் பலவற்றில் உட்கரு ஒன்றாக இருக்காது, சிறிதும் பெரிதுமாகச் சிதறிக் கிடக்கும். மென்பொருள் தடுமாறுவதும் அந்தச் செல்களில்தான். ஒவ்வொரு சிதறலையும் தனிச் செல் என்று எண்ணிவிடும். இப்போது சொல்லுங்கள், மேலே உள்ள வாக்கியம் மருந்து பலித்ததைச் சொல்கிறதா, மென்பொருள் சொதப்பியதைச் சொல்கிறதா? ஆய்வுக் கட்டுரையில் இப்படி ஒரு வாக்கியம் நிற்கக்கூடாது. ஆகவே 'பிரி', 'பகு' இரண்டு வேரையும் இந்த இடத்தில் தொடவே வேண்டாம் என்பது என் கட்சி.

'துண்டாக்கம்' என்று எழுதியவருக்கும் ஒரு வார்த்தை. யாரும் எதையும் துண்டாக்கவில்லை, செல் முழுசாகத்தான் இருக்கிறது. மண்புழு உடலைப் பற்றிய பாடத்தில் இதே ஆங்கிலச் சொல்லுக்கு நாம் 'கண்டம்' வைத்திருக்கிறோம். அதுவும் இங்கே ஒட்டாது.

நான் முன்வைப்பது வரப்பிடல். ஒட்டி ஒட்டிக் கிடக்கும் வயல்களில் இது உன்னுடையது, அது என்னுடையது என்று காட்டுவது வரப்பு. தட்டில் நெருக்கியடித்து வளரும் செல்களிலும் கேள்வி அதுதான். ஓசைக்காக மட்டும் சொல்லவில்லை, இந்த வேலை நடக்கும் விதத்திலேயே வரப்பு இருக்கிறது. 1979-இல் பிரான்சில் வந்த 'வாட்டர்ஷெட்' முறையை எடுத்துக்கொள்ளுங்கள். படத்தின் ஒளி அளவை மேடுபள்ளமாகக் கருதி, பள்ளங்களில் நீர் ஏறவிடுவார்கள். இரண்டு பள்ளத்து நீரும் கலக்கப்போகும் இடத்தில் ஒரு கரை எழுப்பப்படும். அந்தக் கரைதான் இரண்டு உட்கருக்களுக்கு நடுவே விழும் கோடு. 2015-இல் ஃப்ரைபுர்க் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த யூ-நெட் என்ற செயற்கை நரம்பு வலை இன்னும் நேரடி. தொட்டுக்கொண்டிருக்கும் ஹீலா செல்களுக்கு (ஆய்வகங்களில் வளர்க்கும் மனிதப் புற்றுநோய்ச் செல்கள்) இடையிலுள்ள மெல்லிய இடைவெளியைத் தவறவிட்டால் அதிகத் தண்டனை என்று பயிற்சியின்போதே எடை கூட்டி வைத்தார்கள். வரப்பை மிதித்தால் அபராதம்!

> செல்போஸ் எல்லைக் கோட்டைத் தேடுவதே இல்லையே. உங்கள் சொல் அதற்குப் பொருந்துமா?

நல்ல கேள்வி. அமெரிக்காவின் ஜனேலியா ஆய்வு வளாகத்தில் உருவான செல்போஸ் மென்பொருள், ஒவ்வொரு புள்ளியும் எந்த மையத்தை நோக்கி நகரவேண்டும் என்று திசை காட்டுகிறது. ஒரே இடத்தில் போய்ச்சேரும் புள்ளிகள் எல்லாம் ஒரே செல். வழி வேறுதான். ஆனால் முடிவில் கையில் கிடைப்பது செல்லுக்கு ஒரு சுற்றுக்கோடு. பெயரை விளைவுக்கு வைப்போம், வழிக்கு அல்ல. வழிகள் மாறிக்கொண்டே இருக்கும்.

கிளைச் சொற்கள் வருமா என்று பார்த்தேன், வருகின்றன. மென்பொருள் ஒரு செல்லை இரண்டாக அறுத்துவிட்டால் மிகைவரப்பு. இரண்டை ஒன்றாக விழுங்கிவிட்டால் குறைவரப்பு. இந்தக் குறைவரப்பு பொல்லாதது. டிஎன்ஏவில் ஒட்டி ஒளிரும் ஹோக்ஸ்ட் சாயம் ஏறிய உட்கருவின் மொத்த ஒளியை வைத்துத்தான் டிஎன்ஏ அளவைக் கணிக்கிறார்கள். ஒட்டிய இரண்டு உட்கருவை ஒன்றாகப் பிடித்தால் டிஎன்ஏ இரட்டிப்பாகத் தெரியும், பிளவுக்குத் தயாரான செல் என்று கணக்கில் ஏறிவிடும். 384 குழித் தட்டை இயந்திரமே படமெடுத்து இயந்திரமே அளக்கும்போது, ஒவ்வொரு படத்தையும் உட்கார்ந்து பார்க்க ஆளில்லை. 2006-இல் ஆன் கார்பென்டர் குழுவினர் வெளியிட்ட செல்புரொஃபைலர் என்ற படம் அளக்கும் மென்பொருள், முதலில் உட்கருவைப் பிடித்து அங்கிருந்து செல்லின் விளிம்புவரை விரியும். அடியில் தவறினால் அதற்குமேல் எடுக்கும் அளவுகள் எல்லாமே தவறு.

'கூறாக்கம்' கேட்ட அம்மாவுக்கு: அதைத் தள்ளவில்லை. இது உட்கரு, இது சைட்டோபிளாசம், இது வெற்றிடம் என்று புள்ளிகளுக்கு இனம் மட்டும் சொல்லும் வேலை ஒன்று உண்டு. அதற்குக் கூறாக்கம் கச்சிதம். இந்த உட்கரு வேறு, அந்த உட்கரு வேறு என்று ஆளாளுக்கு அடையாளம் தருவது வரப்பிடல். ஆங்கிலத்தில் ஒரே சொல்லுக்கு முன்னால் அடைமொழி மாற்றி ஒப்பேற்றுகிறார்கள். நமக்கு இரண்டு சொல் இருந்துவிட்டுப் போகட்டும்.

> இங்கே நாங்கள் வயலில் 'வரம்பு' என்றுதான் சொல்லுறது. 'வரம்பிடல்' என்டு வைக்கலாமே?

பேச்சுக்கு அழகுதான் அண்ணை. ஆனால் தமிழகத்தில் வயது வரம்பு, வேக வரம்பு என்று அது கட்டுப்பாட்டுச் சொல்லாகிவிட்டது. 'செல் வரம்பிடல்' என்றால் செல் வளர்ச்சியை நிறுத்துவதாக எடுத்துக்கொள்வார்கள். உங்கள் இலங்கைப் பக்கம் 'கல வரப்பிடல்' என்று எழுதினால் உறுத்துமா என்று மட்டும் சொல்லுங்கள்.

மற்றவை சுருக்கமாக. இயந்திரமே செல் படங்களை எடுத்துப் பல அளவுகளை அளந்து சோதிக்கும் 'ஹை கன்டென்ட் ஸ்கிரீனிங்'கிற்கு 'உயர் உள்ளடக்கத் திரையிடல்' என்று யாரோ விக்கியில் போட்டால் தயவுசெய்து தூக்கிவிடுங்கள், திரையிடல் தியேட்டருக்குச் சொந்தம். 'நிறைதரவுச் சலிப்பு' என்றாலோ கொட்டாவி வருகிறது. 'சலித்தெடுப்பு' பரவாயில்லை. ஆறு சாயம், ஐந்து ஒளித்தடம், எட்டு செல் உறுப்புகள் என்று போகும் 'செல் பெயின்டிங்' ஒரு முறையின் சிறப்புப் பெயர். அதை அப்படியே விட்டுவிடலாம். செல்லா, உயிரணுவா, கலமா என்ற பழைய சண்டையை இந்த இழையில் கிளப்பவேண்டாம்.

மிச்சம் 'மாஸ்க்'. முகமூடி, மறைப்பு இரண்டும் எனக்குப் பிடிக்கவில்லை, அது எதையும் மறைப்பதில்லை, எந்தப் புள்ளி எந்தச் செல் என்று எண் போட்ட படம் அது. 'வரப்புப்படம்' என்று எழுதி வைத்திருக்கிறேன். மேலானது இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்புங்கள், அதன்பிறகு கலைச்சொல் பட்டியலில் ஏற்றுகிறேன்.